ஐந்து விரலை எண்ணி ஏமாந்தேன்: சில்கி குஞ்சு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன தை மாதம் தர்மபுரி பக்கம் ஒரு பண்ணையில் சில்கி என்கிற அலங்காரக் கோழியின் கருப்புக் குஞ்சுகள் 20 வாங்கினேன், குஞ்சு 250 ரூபாய். வளர்த்து, ஜோடி சேர்த்து, குஞ்சு விற்கலாம் என்ற கணக்கு. ஒன்றுமே தெரியாமல் போயிருந்தால்கூட மனசு ஆறும், ஆனால் நான் யூடியூபில் பத்து வீடியோ பார்த்துவிட்டுத்தான் போனேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

சில்கி என்றால் பஞ்சு மாதிரி இறகு, காலில் ஐந்து விரல், கருந்தோல், தலையில் குடுமி, காலில் முடி. நாலு நாள் வயதுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி விரலை எண்ணினேன், எல்லாம் சரியாக இருந்தது. "நல்லா பாத்து எடுங்க தம்பி, நம்மகிட்ட ஒளிவு மறைவே கிடையாது" என்றார் பண்ணைக்காரர். தாய் தகப்பன் என்று கூண்டில் ஒரு ஜோடியையும் காட்டினார், முயல்குட்டி மாதிரி புசுபுசுவென்று இருந்தன, அசல்தான். ஆனால் அதே வயதில் இன்னும் ஐம்பது குஞ்சாவது பக்கத்தில் கிடந்தன. சில்கிக் கோழி பத்துப் பதினைந்து முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஒரே கோழிக்கு ஒரே ஈட்டில் எழுபது குஞ்சு எங்கிருந்து வரும்? வெறும் கூட்டல் கணக்கு, எனக்கு ஓடவில்லை. பின்பக்கக் கொட்டகை நிறையக் கடக்நாத் என்கிற கருங்கோழிகள் இருந்ததையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாவது வாரம் பர்கூரில் தெரிந்த அக்கா ஒருவருக்கு ஆறு குஞ்சு கொடுத்தேன், தலா 400. அப்போதே இறக்கையில் இறகு வழவழப்பாக முளைத்திருந்தது, போகப் போகப் பஞ்சு மாதிரி ஆகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் அக்கா போன் போட்டார். "தம்பி, உன் கோழி பறந்து காம்பவுண்ட் சுவர் மேல உக்காந்திருக்கு, சில்கி பறக்காதுன்னு நீதானே சொன்ன?"

பாலக்கோட்டில் பல வருடமாக சில்கி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்து, இது சில்கிச் சேவலுக்கும் கடக்நாத் பெட்டைக்கும் பிறந்தது என்றார். அவர் விளக்கியது இதுதான். ஐந்தாவது விரல், குடுமி, கால்முடி, கருந்தோல் எல்லாம் ஓங்கிய குணங்கள், ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே குஞ்சில் தெரியும். அந்தப் பஞ்சு இறகு மட்டும் ஒடுங்கிய குணம், தாய் தகப்பன் இரண்டு பக்கமும் கொடுத்தால்தான் வரும். ஆக நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் கிராஸ் குஞ்சும் பாஸ் ஆகிற பரீட்சை. பெயிலாகிற ஒரே பாடம் இறகு, நாலு நாள் குஞ்சுக்கு உடம்பு முழுக்கப் பஞ்சுதானே, எதை வைத்துச் சொல்வது?

பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். "இதுங்களையே சோடி போடுங்க, அடுத்த தலைமுறைல பஞ்சு முடி வரும்" என்றார். பொய் இல்லை, சராசரியாக நாலில் ஒன்றுக்கு வரும். மீதி மூன்றை யார் தலையில் கட்டுவது என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்.

அதனால் ஒரு மாதத்துக்குக் குறைந்த சில்கியை வாங்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். இறக்கையைப் பிரித்துப் பாருங்கள்: சாதாரண இறகு ஓலை மாதிரி ஒட்டிப் படிந்திருக்கும், சில்கிக்குப் பிரிந்து நூல்நூலாக நிற்கும். பெரிய பெட்டையாக வாங்கினாலும் உடனே முட்டையை அடை வைக்காதீர்கள், முன்பு சேர்ந்த சேவலின் வித்து இரண்டு மூன்று வாரம் அதன் வயிற்றில் இருக்கும். உங்கள் சேவலோடு விட்டு ஒரு மாதம் வரை வரும் முட்டையைப் பொரித்துச் சாப்பிடுங்கள். அப்புறம், நாலு நாள் குஞ்சில் "பத்து பெட்டை, பத்து சேவல்" என்று பண்ணைக்காரர் பிரித்துக் கொடுத்தார், அதையும் நம்பினேன். சில்கியில் ஆண் பெண் தெரிய மாதக் கணக்கில் ஆகும்.

அக்காவுக்கு 2400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துக் கோழிகளைக் கொண்டுவந்துவிட்டேன். போன மாதம் நாலு சேவலைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு எடுத்துப் போனேன். கிராஸ் என்று சொல்லித்தான் விலை சொன்னேன். வந்தவர் காலைத் தூக்கி விரலை எண்ணிவிட்டு, "அஞ்சு இருக்கே, சில்கிதானே இது?" என்றார்.