பக்கத்து மனையில் என்ன எழும்புகிறது: ரெரா, சிஎம்டிஏ, பரிவேஷ் தளங்கள் குடியிருப்போருக்கு எவ்வளவு உதவும்?

தெருமுனையில் தகரம் அடித்து மறைத்தாகிவிட்டது. உள்ளே எத்தனை மாடி, தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எந்தப் பக்கம் போகும்? சென்னையிலும் புறநகரிலும் இதற்கு விடை தேட மூன்று அரசுத் தளங்கள் உண்டு: வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு ரெரா, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ். முதலாவது வீடு வாங்குபவருக்காகவும், மற்ற இரண்டும் முக்கியமாக விண்ணப்பிப்பவருக்காகவும் அமைந்தவை. பக்கத்தில் வசிப்பவரை மனதில் வைத்து எதுவும் செய்யப்படவில்லை. ஆனாலும் விவரம் உள்ளே இருக்கிறது, எடுக்கத் தெரிந்தால் போதும்.

மூன்றுக்கும் சாவி ஒன்றுதான்: சர்வே எண். விளம்பரத்தில் வரும் திட்டப் பெயரை நம்பித் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, அனுமதி வாங்கும்போது வேறு பெயர் இருந்திருக்கும். தமிழக அரசின் தமிழ்நிலம் இணைய வரைபடத்தில் அந்த மனையைத் தொட்டால் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் வரும். அதை வைத்து வருவாய்த் துறை இ-சேவைத் தளத்தில் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். நிலம் புன்செய்யா, நன்செய்யா, நடுவே வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று அங்கேயே தெரியும்.

ரெரா தளத்தில் பதிவான திட்டங்கள் ஆண்டுவாரியாக நீண்ட அட்டவணைகளாக இருக்கின்றன. கிராமப் பெயரை இட்டுத் தேடுவது வீண்வேலை. சோழிங்கநல்லூரில் வரும் ‘ழ’வை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். சர்வே எண்ணின் முதல் பகுதியை மட்டும் இட்டுத் தேடுங்கள், உட்பிரிவை விட்டுவிடுங்கள். முடிக்க வேண்டிய தேதி, திட்ட அனுமதி விவரம், மொத்த வீடுகள் கிடைக்கும். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்துக்கும் 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும்தான் சட்டம் விலக்கு தருகிறது. அதனால் மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை இடித்து எழுப்பும் அடுக்ககம்கூட இங்கே அகப்படலாம். அகப்படாதது வாடகைக்கு விடவே கட்டும் ஐடி பூங்கா. விற்பனை இல்லை, ஆகவே ரெராவும் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிஎம்டிஏ தளத்தில் உருப்படியானது நிலப்பயன்பாட்டுத் தகவல் பக்கம். நகரின் நிலப்பயன்பாட்டை வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டப்படி அந்த சர்வே எண் குடியிருப்பா, வணிகமா, விவசாயமா என்று சொல்லிவிடும். 18.30 மீட்டருக்கு மேல் எழும் கட்டடம் விவசாய வகை நிலத்தில் வருகிறது என்றால், நிலப்பயன்பாட்டை மாற்றக் கேட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு நாளிதழில் வந்து, ஆட்சேபத்துக்குக் குறைந்த நாட்களே தரும்.

எங்கள் கணக்கில் முதலிடம் பரிவேஷுக்கு. 2018 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் தளம் மெதுவானது, தேடல் அடிக்கடி வெறும் பக்கத்தைக் காட்டும். ஆனால் இதிலுள்ள ஆவணங்களின் ஆழம் மற்ற இரண்டிலும் இல்லை. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கட்டுமானத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்து அதே அறிவிக்கை விலக்கு தந்திருக்கிறது. யாரும் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லப்போவதில்லை. நாமாகப் பார்த்தால்தான் உண்டு.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் நேர்கிறது. திட்ட அனுமதியில் வரும் எஃப்எஸ்ஐ பரப்பு (மனை அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீட்டுக்கு எண்ணும் பரப்பு) வேறு, சுற்றுச்சூழல் அனுமதிக்கான கட்டடப் பரப்பு வேறு. பின்னதில் நிலத்தடித் தளமும் சேவைப் பகுதிகளும் சேரும். எஃப்எஸ்ஐ பரப்பு 15,000 சதுர மீட்டர் என்று பார்த்து ‘இதற்கு அனுமதி தேவையில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். கார் நிறுத்த இரண்டு தளம் மண்ணுக்குள் போனாலே 20,000 தாண்டக்கூடும். ஒரே மனையை ‘கட்டம் 1’, ‘கட்டம் 2’ என்று தனித்தனியாகக் காட்டியிருந்தால் கூட்டிப் பாருங்கள்.

பரிவேஷில் உள்ள விண்ணப்பத்தில் முதலில் திறக்க வேண்டியது தண்ணீர்க் கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதே வழக்கமான அளவு, அதில் 45 கழிப்பறைக்கு. அதற்குச் சுத்திகரித்த நீர் போதும் என்று கழித்தால் மீதி 90. 1,000 வீடு, வீட்டுக்கு 5 பேர் என்றால் புதுத்தண்ணீர் மட்டும் 4,50,000 லிட்டர். குடிநீர் வாரியக் குழாய் வராத தெருவில் இது 12,000 லிட்டர் லாரியில் நாளுக்கு 37, 38 நடை. அந்தத் தண்ணீருக்கு ஆதாரமாக என்ன கடிதம் இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்தது, சுத்திகரித்து மிஞ்சும் நீர் எங்கே போகிறது என்பது. ‘அருகிலுள்ள வடிகால்’ என்று எழுதியிருந்தால் அந்த வடிகாலை நேரில் போய்ப் பார்த்துப் படமெடுங்கள். ஏரியின் போக்குக்கால்வாய் அதுவாகவே இருக்கலாம்.

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி மூன்று தளமும் வாய் திறப்பதில்லை. வாடகை ஏறிக் குடும்பங்கள் ஊரைவிட்டு விலகுவது எந்த அட்டவணையிலும் வராது. எங்களுக்குப் பெரிய குறை இதுதான். பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கொம்பு உண்டு. 2006 அறிவிக்கையில் கட்டுமானத் திட்டங்களுக்கான விண்ணப்பப் படிவம் 1ஏ, பிரிவு 7, உள்ளூர் மக்கள்தொகை அமைப்பை இத்திட்டம் மாற்றுமா என்று நேரடியாகவே கேட்கிறது. ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தால், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மாநில மதிப்பீட்டுக் குழுவின் செயலருக்கு, பரிவேஷில் அந்த விண்ணப்பத்துக்குள்ள முன்மொழிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். அந்தக் குழுவின் கூட்ட நிகழ்ச்சிநிரல் வந்த உடனே அனுப்புங்கள், கூட்டம் முடிந்தபின் போனால் பயனில்லை.

சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60. அதைத் தவறவிட்டாலும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியதைப் பற்றிக் கட்டுநர் தர வேண்டிய அரையாண்டு இணக்க அறிக்கை இருக்கிறது. மழைநீர்த் தொட்டி கட்டியாயிற்று என்று அதில் எழுதியிருந்தால், அது எந்த இடத்தில் என்று கேட்கலாம்.