பைகுல்லா பாவு தாஜி லாட் மியூசியம்: உபயதாரர் கண்ணோடு ஒரு பார்வை

மாட்டுங்காவில் உட்கார்ந்து ட்ரஸ்ட் கணக்குகளைத் தணிக்கை செய்தே என் வேலைக்காலம் போயிற்று. அதனால் எந்தப் பொது இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் என் கண் தேடுவது நன்கொடையாளர் பெயரைத்தான். அப்படிப்பட்ட ஆளுக்குப் பைகுல்லாவில் இருக்கும் டாக்டர் பாவு தாஜி லாட் மியூசியம் சரியான தீனி. ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டமெல்லாம் பென்குயின் பார்க்கத்தான் போகிறது. பேரனையும் அவன் அம்மாவையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டு நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். "பாட்டி, அங்கே உயிரோட ஒண்ணுமே இல்லையே" என்றான். சரி, அது அவன் விமர்சனம்.

மும்பையிலேயே பழைய மியூசியம் இதுதான். ஆரம்பமே வசூலில்தான். 1858இல் ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து பணம் திரட்டத் தொடங்கினார்கள். ஜகன்னாத் சங்கர்சேட், டேவிட் சசூன், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் எல்லோரும் அதில் உண்டு. 1862இல் அடிக்கல் நாட்டினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி பம்பாயில் பணம் புரண்ட நேரம் அது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது, ஊரின் பெரிய பெரிய செல்வங்களும் சரிந்தன. கட்டட வேலையும் பணமில்லாமல் தடைப்பட்டு, கடைசியில் அரசாங்கம் கைகொடுத்துத்தான் 1872இல் திறந்தார்கள். வாக்குக் கொடுத்த நன்கொடை வேறு, வந்து சேர்ந்த நன்கொடை வேறு. எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் சொல்வார்.

அப்போது வைத்த பெயர் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம். 1975இல்தான் பாவு தாஜியின் பெயருக்கு மாறியது. அவர் மருத்துவர், சமஸ்கிருத அறிஞர், பழங்கால நாணயங்களும் கல்வெட்டுகளும் தேடி அலைந்தவர், இந்த மியூசியக் கமிட்டியின் செயலாளர். பணம் கொடுத்தவர் பெயரை வைக்காமல் அதற்காக ஓடியாடி வேலை பார்த்தவர் பெயரை வைத்தது எனக்குப் பிடித்த முடிவு. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் மட்டும் இன்னமும் கூடத்தின் நடுவே பளிங்கில் நிற்கிறார். அந்தச் சிலை சசூன் கொடுத்தது. யூத வணிகர் அல்லவா, பீடத்தில் ஹீப்ரு எழுத்தும் இருக்கிறது. வெளியே நிற்கும் மணிக்கூண்டும் அவர் பெயரில்தான்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புத் தூண்கள், மேல்மாடத்தைச் சுற்றி ஓடும் கம்பி வேலைப்பாடு, எல்லாவற்றின் மேலும் தங்கப்பூச்சு. என் கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம்தான், கல்யாண மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் 2003க்கு முன்னால் இந்தக் கட்டடம் இருந்த நிலை தெரிந்தால் வாயை மூடிக்கொள்வோம். மாநகராட்சியின் கையில் பாழடைந்து கிடந்தது. அந்த வருஷம் மாநகராட்சி, ஜம்னாலால் பஜாஜ் ஃபவுண்டேஷன், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன. சொத்து மாநகராட்சியுடையது, பணத்துக்குத் துணை பஜாஜ், பழமை கெடாமல் பார்த்துக்கொள்வது இன்டாக். இன்டாக்கைச் சேர்ந்த தஸ்னீம் மேத்தா முன்நின்று நடத்தினார். கட்டடத்தைச் சீரமைத்தவர் விகாஸ் திலாவரி. 2005இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது, 2008 ஜனவரியில் மக்களுக்குத் திறந்தார்கள்.

பஜாஜ் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்றும் தேடினேன், பழக்கதோஷம். மாடிக் கூடத்துக்குக் கமல்நயன் பஜாஜ் பெயர். அவ்வளவுதான், உறுத்தவில்லை. நம் கோயில்களில் ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்களே, அந்தக் கூத்து இங்கே இல்லை. வந்து இறங்கிய பைகுல்லா ஸ்டேஷனையும் நன்றாகப் பாருங்கள். அதைச் சீரமைத்ததிலும் பஜாஜ் பணம் உண்டு. 2022இல் அதற்கும் யுனெஸ்கோ விருது வந்தது.

நேரம் செலவிட வேண்டியது மாடியில். பம்பாயின் பழைய வாழ்க்கையைச் சின்னச் சின்னக் களிமண் பொம்மைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சாதி எந்தத் தலைப்பாகை கட்டியது, எந்தத் தொழில்காரர் எப்படி உட்கார்ந்து வேலை செய்தார் என்பதெல்லாம் விரல் நீள மனிதர்களில் தெரிகிறது. நவராத்திரிக் கொலு வைத்துப் பழகிய கை எனக்கு, கண்ணாடியைத் திறந்து வரிசை மாற்றி அடுக்கத் துடித்தது. ஆனால் இவை கொலுவுக்குச் செய்தவை அல்ல. ஆள வந்தவர்கள் நம்மை வகைபிரித்துப் பார்ப்பதற்காகச் செய்தவை. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அழகோடு கொஞ்சம் கோபமும் வரும். பார்சிகள் இறந்தவர்களைக் கிடத்தும் மௌன கோபுரத்துக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. கீழே ஜே.ஜே. கலைப்பள்ளி மட்பாண்டங்களில் அஜந்தா ஓவியக் கோலங்களைத் தேடிப் பாருங்கள்.

வெளியே வந்தால் ஒரு கல் யானை. கடலுக்கு அந்தப் பக்கம் கராபுரித் தீவில், அதாவது எலிஃபெண்டாவில் நின்றது. 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகலாம் என்று தூக்கப் பார்த்தார்கள், விழுந்து உடைந்தது. 1914இல் துண்டுகளை ஒட்டவைத்தார்கள். உடைந்ததால் ஊரோடு தங்கிவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் என் தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. தங்கப்பூச்சுக்கு நன்கொடை வரும், விருது வரும், ரிப்பன் வெட்ட ஆள் வரும். வருஷாவருஷம் மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய யார் தருவார்கள்? கடற்காற்றும் ஜூன் மழையும் மும்பையில் எந்தக் கட்டடத்தையும் விட்டுவைப்பதில்லை. 2008இல் இவ்வளவு சிறப்பாகத் திறந்த இடத்தையே பிறகு சில வருஷம் மூடிப் பழுதுபார்த்து 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். புதிதாக ஒரு கட்டடம் சேர்க்கவும் திட்டம் இருந்தது, ஸ்டீவன் ஹோல் என்கிற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 2014இல் அதற்கான போட்டியில் வென்றார். என்னைக் கேட்டால் யாராவது ஒரு புண்ணியவான் பராமரிப்புக்கென்று மூலதன நிதி போட்டு, வட்டியில் மட்டும் செலவு செய்யச் சொல்லி எழுதிக்கொடுத்தால் நல்லது. பெயரை எங்கே போடுவது என்றுதான் அவர் கேட்பார்.

புதன்கிழமை விடுமுறை, மிருகக்காட்சிசாலைக்கும் அப்படியே. ஸ்லோ ட்ரெயினில் வந்து கிழக்குப் பக்கம் இறங்குங்கள். குழந்தைகள் இருந்தால் பென்குயினை முதலில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாடியில் உங்களை நிற்க விடமாட்டார்கள்.