கோத்தகிரியில் மளிகை: எந்தச் சாமானை எங்கே வாங்குகிறோம்

கோத்தகிரியில் குடித்தனம் தொடங்கி வருஷங்கள் பல ஆகிவிட்டன. இத்தனை காலத்தில் எங்கள் வீட்டு மளிகை ஒரே கடையிலிருந்து வந்ததே இல்லை. ரேஷன் கடை, தெருமுனை அண்ணாச்சி கடை, பஜார் சூப்பர் மார்க்கெட், மாதம் ஒருமுறை மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் என நாலு இடம். புதிதாகக் குடிவருபவர்கள் "எந்தக் கடை சார் மலிவு?" என்று கேட்பார்கள். என்ன சாமான் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

காரணம் எம்.ஆர்.பி. பாக்கெட்டில் அச்சடித்த விலை சென்னையிலும் ஒன்றுதான், கொடநாட்டிலும் ஒன்றுதான். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட்டி விற்றாலும் சட்டப்படி குற்றம். ஆனால் அந்த சோப்புப் பெட்டி மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக வளைந்து வளைந்து ஏறி வருவதற்கு டீசல் செலவும் இறக்குக் கூலியும் உண்டு. விலையில் ஏற்ற வழியில்லாததால் ஏஜென்சிக்காரரும் கடைக்காரரும் தங்கள் பங்கில் கழித்துக்கொள்கிறார்கள். பிஸ்கட், சோப்பு மாதிரி சரக்கில் சில்லறைக் கடைக்கு நிற்பதே நூற்றுக்குப் பத்து ரூபாய் அளவில்தான். அதிலும் கழிந்தால் பிழைப்பு ஓடாது. ஆகவே விட்டதை அச்சு விலை இல்லாத சாமானில் பிடிக்கிறார்கள். உதிரிப் பருப்பு, புளி, வற்றல் மிளகாய், மல்லி, மூட்டை அரிசி எல்லாம் மலையேறியதும் விலை கூடுவது இதனால்தான்.

இது புரிந்த பிறகு எங்கள் சிட்டை இரண்டாகப் பிரிந்தது. பாக்கெட் சாமான் எல்லாம் மலையிலேயே. அதன் வண்டி வாடகையை நாம் கொடுப்பதில்லை. உதிரிச் சாமான் மேட்டுப்பாளையம் மொத்தக் கடையில். ஆனால் பஸ் டிக்கெட்டையும் போகிற அரை நாளையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பருப்பு இரண்டு கிலோவுக்காகக் கீழே இறங்குவது வீண். ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று வேறு வேலைக்குப் போகும்போது வாங்கி வந்தால்தான் கட்டுப்படியாகும்.

அரிசியில் இன்னொரு கூத்து. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே அரிசி ஆலைக்காரர்கள் மூட்டையை 26 கிலோ ஆக்கிவிட்டார்கள். ஒரு கிலோ கூடியதும் வரி போயிற்று. மேட்டுப்பாளையத்தில் மூட்டை எடுப்பவர்கள் எடையைப் பார்த்து, கிலோவுக்கு என்ன விழுகிறது என்று வகுத்துவிட்டு வாங்குங்கள்.

சூப்பர் மார்க்கெட்டுக்கு வருவோம். அவர்களுடைய உத்தி எளிது. சர்க்கரை, சூரியகாந்தி எண்ணெய், சலவைத்தூள் இவற்றின் விலை எல்லா வீட்டிலும் மனப்பாடம். அதில் மட்டும் குறைத்து வாசலில் எழுதிப் போடுவார்கள். உள்ளே போனால் முந்திரி, ஏலக்காய், அவர்களே பொட்டலம் கட்டிய பருப்பு. இந்தப் பொட்டலத்தின் விலை யாருக்கும் மனப்பாடம் இல்லை, லாபமும் அங்கேதான் இருக்கிறது. நான் வாசலில் எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். பில்லை மட்டும் அங்கேயே நின்று பாருங்கள். அலமாரித் தட்டில் ஒட்டிய விலையும் பில்லில் ஏறிய விலையும் வேறாக இருந்தது எங்களுக்கு நடந்திருக்கிறது. கேட்டால் திருத்துகிறார்கள், கேட்க வேண்டும்.

கீழே பெரிய ஆட்டம் வேறு. 2002-ல் மும்பையில் முதல் கடை திறந்த டிமார்ட், முடிந்த இடத்தில் எல்லாம் கட்டடத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்கிறது. சப்ளையர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து, அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குகிறது. ரிலையன்ஸ் ரீடெய்ல் 2020-ல் கோவையின் கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரையே வாங்கிவிட்டது. மலைக்கு இந்த மாதிரி ஒத்துவராது. அகலமான சமதளமும் கார் நிறுத்த இடமும் இல்லாத ஊரில் மலிவு விலைக் கடையை அளவில் பெரிதாக்க முடியாது. பத்து நிமிட டெலிவரிக்கும் இதே கதிதான். நெருக்கமான வீடுகளை நம்பி நடக்கும் தொழில் அது. இங்கே பக்கத்து வீடு என்பதே ஒரு சரிவு இறங்கி இன்னொரு சரிவு ஏறினால்தான் வரும்.

பெயரைப் பார்த்தால் வேடிக்கைதான். 1905-ல் இந்த மலையில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய 'நீலகிரிஸ்' 1936-ல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கடை வைத்தது, பிறகு சூப்பர் மார்க்கெட்டாக வளர்ந்தது. 2014-ல் ஃப்யூச்சர் குழுமத்துக்குக் கைமாறியது. மலையில் பிறந்த கடைக்கும் வளர்ச்சி சமவெளியில்தான் கிடைத்தது.

ரேஷனைப் போட்டியாளர் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் எங்கள் பகுதியில் விலையைக் கட்டிப்போடுவது அதுதான். 2011 முதல் அரிசி இலவசம். சர்க்கரை கிலோ 25 ரூபாய், துவரம் பருப்பு 30, பாமாயில் லிட்டர் 25. பருப்பும் எண்ணெயும் வந்த வாரத்தில் அண்ணாச்சி கடையில் அவை நகராது. எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி இட்லி மாவுக்குப் போகிறது, நன்றாகவே உப்புகிறது. தேயிலைக் கூட்டுறவு இணையமான இன்கோசர்வின் ஊட்டி டீயும் அங்கே கிடைக்கும். தேயிலைத் தோட்டத்து நடுவில் இருந்துகொண்டு ரேஷனில் டீத்தூள் வாங்குகிறாயா என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு அண்ணாச்சி கடை எப்படி நிலைத்து நிற்கிறது? கடன் எழுதும் நோட்டால்தான். எங்கள் பக்கம் பாதிப் பேர் சிறு தேயிலை விவசாயிகள். பச்சை இலையை இந்த மாதம் ஃபேக்டரிக்குப் போட்டால் காசு அடுத்த மாதம்தான் வரும், விலையும் நிலையாக இருக்காது. அந்த இடைவெளியை அடைப்பது அண்ணாச்சியின் நோட்டு. "இலைக் காசு வரட்டும் தம்பி, எங்க போயிடப் போறீங்க" என்று எழுதிக்கொள்வார். வட்டி கிடையாது என்பார்கள், எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. நோட்டில் எழுதினால் அச்சு விலை முழுசாக ஏறும். ரொக்கமாக சூப்பர் மார்க்கெட்டில் அதே பாக்கெட் ஐந்து சதவீதம் குறைவு. மாதக் கடனுக்கு அந்த ஐந்துதான் வட்டி. ஆனாலும் காகிதமோ ஜாமீனோ இல்லாமல், அரை மணி நேரத்தில் பால் பவுடர் தருகிற கடன் வேறு எங்கே கிடைக்கும்? மாதச் சம்பளக்காரர் ரொக்கத்துக்குப் போகலாம். இலைக் காசை நம்பியிருப்பவர் நோட்டை விடவே கூடாது.

2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் வரி 18-லிருந்து 5 சதவீதமானபோது இரண்டு கடைக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. சூப்பர் மார்க்கெட் கம்ப்யூட்டரில் காலையிலேயே விலை மாறிவிட்டது. அண்ணாச்சி பழைய சரக்கை வைத்துக்கொண்டு ஏஜென்சி வண்டிக்காகக் காத்திருந்தார். அந்த வாரம் சோப்பை நான் பஜாரில்தான் வாங்கினேன், அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

குளிர் விஷயமும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் வருஷத்தில் பாதி நாள் கட்டிதான். வாய் அகன்ற டப்பாவில் வாங்குங்கள். உப்பும் அப்பளமும் ஈரம் குடிக்கும், ஆகையால் சிறிய பாக்கெட்டாகவே வாங்குகிறோம், கிராமுக்குக் கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. பிளாஸ்டிக் பை மாவட்டத்தில் கிடையாது, துணிப்பை மறந்தால் பைக்குத் தனிக் காசு.

ஐப்பசி பிறந்தால் மேட்டுப்பாளையத்தை நிறுத்திவிடுவோம். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த எவரும் அந்த மழையில் பருப்பு விலையைக் காட்டிக் கீழே இறங்கமாட்டார்கள். மரம் விழுந்து பாதை அடைபட்டால் பஜாரில் காலியாகும் சாமான் முதலில் பாலும் முட்டையும்தான். உதிரிச் சாமான் அண்ணாச்சியிடம் இருக்கும், தெரிந்த முகத்துக்கு எடுத்தும் வைப்பார். அந்த இரண்டு மாதம் அவர் சொல்வதுதான் விலை, நாங்கள் பேரம் பேசுவதில்லை.