குடல் எரிச்சல் நோய்: மாத்திரையில்லா வழிகளில் காசுக்கேற்ற பலன் எதில்?

வயிற்று வலி, உப்புசம், ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல். பரிசோதனை முடிவுகளிலோ ஒன்றும் இருக்காது. ஐ.பி.எஸ். எனப்படும் இந்தக் குடல் எரிச்சல் நோய் உயிரைப் பறிப்பதில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் நின்று சேமிப்பைக் கரைக்கும். எனவே மருந்தில்லா வழிகளை ஒப்பிடும்போது, பலனோடு காசையும் உழைப்பையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்குவதில் மலிவு, நார்ச்சத்து நிறைந்த இசப்கோல் உமி. 2009-ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், நாளுக்கு 10 கிராம் இசப்கோல் எடுத்தவர்களுக்கு, ஒப்பீட்டுக்காக அரிசி மாவு கொடுக்கப்பட்டவர்களைவிட நல்ல குணம் தெரிந்தது. தவிடு எடுத்தவர்களில் பலர் தொல்லை கூடியதால் பாதியிலேயே விலகினார்கள். நார்ச்சத்து எல்லாமே ஒன்றல்ல. இசப்கோலைக் கொஞ்சமாகத் தொடங்கி, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த ஃபாட்மேப் குறைப்பு உணவுமுறை. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் சர்க்கரைகளை (ஃபாட்மேப் என்பது இவற்றின் பெயர்) சில வாரங்கள் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. அரிசிக்குத் தடையில்லை. ஆனால் சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பல பருப்பு வகைகள் எல்லாம் விலக்க வேண்டிய பட்டியலில் வரும். சாம்பாரில் வெந்த வெங்காயத்தை ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டால் பயனில்லை. அதிலுள்ள ஃபிரக்டான் என்ற அந்த வகைச் சர்க்கரை தண்ணீரில் கரைந்து குழம்பில் இறங்கிவிடும். எண்ணெயில் அது கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் கிடைக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதும் வழக்கம். உணவியல் வல்லுநரின் கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரே வீட்டில் இரண்டு சமையல் செய்பவரின் உழைப்பை யாரும் செலவில் எழுதுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அந்த உழைப்புக்கு ஈடாக என்ன கிடைக்கிறது? 2015-ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில் ஃபாட்மேப் குழுவில் 50 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. நேரத்துக்குச் சாப்பிடுவது, அளவாக, மென்று சாப்பிடுவது, கொழுப்பையும் காபியையும் குறைப்பது என்ற பழைய அறிவுரையைப் பின்பற்றியவர்களில் அது 46 விழுக்காடு. செலவே இல்லாத அந்த அறிவுரையை முதலில் முயன்று, அது போதாதபோது மட்டும் ஃபாட்மேப்புக்குப் போவதே சரி என்பேன்.

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற மனவழிச் சிகிச்சையைச் சொன்னால் “எனக்கென்ன மனநோயா?” என்று கோபப்படுகிறார்கள். மூளையும் குடலும் இடைவிடாது பேசிக்கொள்ளும் உறுப்புகள். அந்தப் பேச்சு கெடுவதும் இந்த நோயின் ஒரு பகுதி. 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்களில் ஒரு குழுவுக்குத் தொலைபேசி வழியாக மொத்தம் 8 மணி நேரச் சிகிச்சையும், இன்னொரு குழுவுக்கு இணையவழிப் பாடங்களோடு இரண்டரை மணி நேர உதவியும் தரப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பதில் தந்தவர்களில் முறையே 71, 63 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இது 46.

இதைக் கணக்காகப் போட்டேன். வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதலாக ஒருவர் தேற, தொலைபேசி வழியில் நான்கு பேருக்குச் சிகிச்சை தர வேண்டும், அதாவது சிகிச்சையாளரின் ஏறத்தாழ 32 மணி நேரம் தேவை. இணைய வழியில் ஏறத்தாழ ஆறு பேருக்குத் தர வேண்டும், ஆனால் 15 மணி நேரத்துக்குள் முடிகிறது. நல்ல சிகிச்சையாளர்கள் குறைவாக உள்ள இடங்களில் இந்த இரண்டாவது வழிக்கே என் வாக்கு. மான்செஸ்டரில் 1980-களில் தொடங்கிய குடல்சார் ஹிப்னோசிஸ் என்ற அறிதுயில் சிகிச்சையும் பலன் தருகிறது. அதையும் குழுவாகத் தந்தால் தனித்தனியாகத் தருவதற்குச் சளைத்ததில்லை என்று நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

காசை வீணாக்கும் வழி ஒன்று உண்டு: எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை. பிரிட்டனின் குடலியல் மருத்துவர் சங்கமே அதைப் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்தில், கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் செலியாக் நோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். அதையும் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், நிறுத்திய பிறகு முடிவு பொய்யாக வரலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.