பிளாக் பெல்ட்டுக்குப் பணம் கட்டும் முன் நம்பரைக் கேளுங்கள்

பிள்ளையை டேக்வாண்டோவில் சேர்த்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிள்ளைக்கு வயது ஒன்பது. சேர்ந்து ஒன்றேகால் வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் "முதல் டான்", அதாவது பிளாக் பெல்ட்டின் முதல் படி, சர்டிபிகேட் வந்துவிட்டது. தங்க முத்திரை, கொரியக் கொடி, "உலக", "சர்வதேச" என்று ஆரம்பிக்கும் ஒரு சங்கத்தின் பெயர். வீடு மாறி வேறு வகுப்பில் அதை நீட்டினால், வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். இந்த ஏமாற்று பெரும்பாலும் இதே வடிவில்தான் நடக்கிறது.

அந்தக் காகிதத்திலேயே பொய் தெரியும். உலக டேக்வாண்டோ முறையில் டான் பதிவு செய்வது சியோலில் 1972-ல் தொடங்கிய குக்கிவான் என்ற அமைப்பு. 15 வயது நிரம்பாதவர்களுக்கு அது டான் கொடுப்பதில்லை, சிறுவர்களுக்கான பூம் என்ற படிதான். பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பூமோ டானோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. குக்கிவான் இணையதளத்தில் நம்பர், பெயர், பிறந்த தேதி போட்டுப் பாருங்கள். மாஸ்டரின் டானையும் அதேபோலப் பாருங்கள், இதில் கூச்சமே வேண்டாம். "கொரியாவிலிருந்து வரணும்" என்று மாதக்கணக்கில் இழுத்தால் விண்ணப்பமே போகவில்லை என்று சந்தேகப்படுங்கள். டெஸ்ட் ஃபீஸ் எவ்வளவு, குக்கிவான் பதிவுக்கு எவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பிள்ளையின் பெயர் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி போகட்டும்.

மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு பெல்ட்டுகள் வேறு சங்கதி. அவற்றை வகுப்போ சங்கமோ கொடுப்பதுதான் வழக்கம். அதில் குக்கிவான் நம்பர் இல்லையென்று மாஸ்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

காலக்கணக்கு எளிது. வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் பொதுவாகப் பத்து படி தாண்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட் என்றாலும் இரண்டரை வருஷம். "டபுள் புரமோஷன்" என்று கூடுதலாகப் பணம் கேட்டால், பணத்துக்காகத்தான் பெல்ட் ஏறுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதன்மேல் நிறுத்தி முதல் பூம்சே (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு), தேகுக் இல் ஜாங் செய்யச் சொல்லுங்கள். மொத்தம் 18 அசைவு. இடப்பக்கம் திரும்பிக் கீழே தடுப்பதில் தொடங்கி, கிஹாப் சத்தத்தோடு ஒரு குத்தில் முடியும். முடியும்போது கால் ஏறக்குறைய அதே கோட்டுக்கு வந்திருக்க வேண்டும். சிவப்பு பெல்ட் கட்டிய பிள்ளை இதில் பாதியில் முழித்தால், குறை பிள்ளையிடம் இல்லை.

மெடலுக்கும் மயங்காதீர்கள். டேக்வாண்டோவில் வெண்கலம் இரண்டு. நாலே பேர் உள்ள எடைப்பிரிவில் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கும் மெடல் உண்டு. "இந்தப் பிரிவில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள், போட்டி நடத்தும் சங்கத்துக்கு அந்தத் தேதியில் அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். அங்கீகாரப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். முட்டி போனால்? டோல்யோ சாகி, அதாவது பக்கவாட்டில் சுழற்றி உதைக்கும்போது, ஊன்றிய காலின் குதிகால் இலக்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பாதம் தரையில் ஒட்டியே நிற்க இடுப்பு மட்டும் திரும்பினால், முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும். இதைத் திருத்தாமல் நூறு உதை எண்ணவைக்கும் மாஸ்டரிடம் பிள்ளையை விடாதீர்கள். கால்களை இருபுறமும் விரிக்கும் ஸ்ப்ளிட்டுக்கு உட்காரவைத்துத் தோளைப் பிடித்து அழுத்துபவரிடமும் விடாதீர்கள், தொடை இடுக்கில் தசை கிழியும்.

சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கீழே மேட் இருக்கிறதா, வெறும் டைல்ஸா? ஸ்பாரிங், அதாவது இருவர் மோதிப் பழகுவது என்றால் ஹெட்கார்டு, மவுத்கார்டு, ஹோகு என்ற மார்புக் கவசம், இடுப்புக்குக் கீழே கார்டு, முன்கை கார்டு, முழங்காலுக்குக் கீழே ஷின் கார்டு எல்லாம் வேண்டும். பெரியவர்களின் ஹோகுவைச் சின்னப் பிள்ளைக்குக் கட்டினால் அது இடுப்புக்குக் கீழே தொங்கி காலைத் தூக்கவே விடாது. உட்கார்ந்து பார்க்க அனுமதி இல்லை என்றால் அட்மிஷன் ஃபீஸ் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.