பொட்டலம் கட்டிய அட்டவணைகள்: லிஸ்ட் நெடுவரிசையோடு சில ஆண்டுகள்

பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலை. அங்கே 12 சோதனை மெஷின்களின் அளவீடுகளை ஆர் என்ற புள்ளிவிவர நிரல்மொழியில் அலசுவது என் வேலை. எந்த மெஷினின் அளவீடு நாளுக்கு நாள் நகர்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் ஸ்ப்ளிட் என்ற கட்டளை போட்டுத் தரவைப் பிரிப்பேன், மெஷினுக்கு ஒரு நேர்கோட்டு மாடல் ஓட்டுவேன், அளவீடு எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் சரிவு எண்களை மெஷின் பட்டியலின் பக்கத்தில் ஒட்டுவேன். ஸ்ப்ளிட் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும்: எம்1, எம்10, எம்11, எம்12, அதற்கப்புறம்தான் எம்2. என் பட்டியலோ எண் வரிசையில் இருந்தது. பத்தாம் மெஷினின் சரிவு இரண்டாம் மெஷினின் பெயரில் போய் உட்கார்ந்துவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினை இரண்டு நாள் நிறுத்திச் சோதித்தோம். டெக்னீஷியன்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

2019 செப்டம்பரில், தரவை ஒழுங்குபடுத்தும் ஆர் தொகுப்பான டைடிஆரின் 1.0.0 பதிப்பு வந்த பிறகு, ஒரு கட்டத்துக்குள் முழு அட்டவணையையே வைக்கும் லிஸ்ட் நெடுவரிசைக்கு மாறினேன். அதன் நெஸ்ட் கட்டளையைப் போட்டால் மெஷினுக்கு ஒரு வரி. அந்த மெஷினின் அளவீடுகள் முழுவதும் ஒரு சிறு அட்டவணையாக அதே வரியின் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். எங்கள் டீமில் இதைப் ‘பொட்டலம்’ என்றுதான் சொல்கிறோம். மேப் என்ற கட்டளை கொண்டு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாடல் ஓட்டினால், மாடலும் அதே வரியில் இன்னொரு நெடுவரிசையாகச் சேரும். வரிகளை எப்படி அடுக்கினாலும், எதை வடிகட்டினாலும், பெயர், தரவு, மாடல் மூன்றும் சேர்ந்தே நகரும். இந்த ஒன்றுக்காகவே நான் இதை விடமாட்டேன்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது அடைப்புக்குறியில். ஒற்றைச் சதுர அடைப்புக்குறி போட்டால் பொட்டலம் அப்படியே லிஸ்ட்டாக வரும்; இரட்டை போட்டால்தான் உள்ளே இருக்கும் அட்டவணை கைக்குக் கிடைக்கும். சிஎஸ்வியாக எழுதப் போனால் ஆரின் அடிப்படை ரைட் சிஎஸ்வி பிழை காட்டி நின்றுவிடும். ஆரின் சொந்தக் கோப்பு வடிவமான ஆர்டிஎஸ்ஸாகச் சேமிப்பதே நல்லது. லாட் (சேர்ந்து தயாராகும் சிப் தொகுதி) வாரியாக ஆயிரக்கணக்கில் மாடல் ஓட்டுகிறீர்களா? நேர்கோட்டு மாடல் ஓட்டும் எல்எம் தன் தரவின் நகலையும் சுமந்துகொண்டிருக்கும், நினைவகம் வீங்கும். தேவையான எண்களை எடுத்துக்கொண்டு மாடல் நெடுவரிசையை நீக்கிவிடுங்கள். சராசரி மட்டும் போதுமென்றால் வரிகளைக் குழுவாக்கும் குரூப் பை போதும், நெஸ்ட்டே வேண்டாம்.

எனக்கு அதிகம் வலித்தது, பொட்டலத்தைப் பிரித்து மீண்டும் வரிகளாக்கும் அன்நெஸ்ட்தான். முழு மெஷின் பட்டியலோடு பொட்டலங்களை லெஃப்ட் ஜாயின் செய்திருந்தேன்; பொட்டலம் இல்லாத மெஷினும் பட்டியலில் நிற்கும். அந்த வாரம் ஏழாம் மெஷின் எதையும் பதியவில்லை. அதன் கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் நல் (NULL) மட்டும் இருந்தது. அன்நெஸ்ட் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. எச்சரிக்கைகூட வரவில்லை. அறிக்கையைப் பார்த்த தம்பி ஒருவன்தான், “அண்ணே, 11 மெஷின்தானே இருக்கு?” என்று கேட்டான். கோளாறு இருந்த மெஷினே அறிக்கையில் இல்லை.

அன்நெஸ்ட்டில் கீப் எம்ப்டி என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தால் வெற்று வரியும் நிற்கும். இப்போது எங்கள் ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் அது உண்டு. அன்நெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் மெஷின்களை எண்ணி, எண்ணிக்கை மாறினால் ஓட்டத்தை நிறுத்தும் ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன். இப்போது ஒரு மெஷின் பேசாமல் கிடந்தால், அறிக்கையில் அதன் பெயருக்கு நேரே, மதிப்பு இல்லை என்பதைக் காட்டும் என்ஏ நிற்கிறது. காலை ஷிஃப்ட் ஆட்கள் முதலில் போய்ப் பார்ப்பது அந்த மெஷினைத்தான்.