எறும்புகளுக்கு நல்ல பந்தி: ‘வண்ணத்துப்பூச்சி உணவுத் தட்டு’ வாங்கிய கதை

பேத்தியின் பிறந்தநாளுக்காகச் சென்ற மாதம் இணையத்தில் ‘வண்ணத்துப்பூச்சி உணவுத் தட்டு’ ஒன்றை வாங்கினேன். விலை 1,450 ரூபாய், அனுப்பும் செலவு வேறு 400. தபாலகத்தில் முப்பது வருடம் முத்திரை கிழித்துக் கொடுத்தவள் நான். பேத்தி கேட்டிராவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பூவுக்கு இவ்வளவு கொடுத்திருக்க மாட்டேன்.

பெட்டிக்குள் ஐந்து இதழுள்ள சிவப்புத் தட்டு, நடுவில் வைக்க ஒரு பஞ்சு, தொங்கவிடக் கம்பிக் கொக்கி, தண்ணீரில் கரைக்க இரண்டு பொட்டலம் ‘தேன்தூள்’. கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சீனித் தண்ணீர், ஏதோ பழவாசனையுடன். ‘வண்ணத்துப்பூச்சிகளை விரைவாக வளர்க்கும்’ என்று பொட்டலத்தில் அச்சடித்திருந்ததுதான் எனக்கு எரிச்சல். சிறகு விரித்த பிறகு எந்த வண்ணத்துப்பூச்சியும் ஒரு நூல்கூட வளராது. வளர்வதெல்லாம் புழுப் பருவத்தில், இலையைத் தின்று. அதன் பிறகு பறப்பதற்கும் முட்டையிடுவதற்கும் வேண்டியதை உறிஞ்சிக் குடிப்பது மட்டும்தான்.

பாலையூற்று வீட்டு முற்றத்தில் தொங்கவிட்ட முதல் நாளே கம்பி வழியாக எறும்பு இறங்கியது. இரண்டாம் நாள் குளவி. மூன்றாம் நாள், திருகோணமலை வெயிலுக்குக் கேட்பானேன், கரைசல் புளித்து நாறியது. கறுப்பில் பச்சைப் புள்ளி போட்ட ஒன்று மட்டும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு வெட்சிக்குப் போய்விட்டது. வண்ணத்துப்பூச்சி காலால் சுவை பார்க்கும். இனிப்பென்று கால் சொன்னால்தான் சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டும். இங்கே வந்து உட்கார்ந்தால்தானே காலுக்குத் தெரியும்!

“அம்மம்மா, உங்கள் கடைக்கு எறும்பு மட்டும்தான் வருகிறது” என்றாள் பேத்தி.

கோபத்தில் பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, கறுத்துக் கனிந்த கதலிப்பழம் ஒன்றைப் பிசைந்து தட்டில் வைத்தேன். மறுநாள் விளக்கு வைக்கிற நேரம், காய்ந்த சருகைப் போலச் சிறகை மடித்துக்கொண்டு பழுப்பு நிறத்தில் இரண்டு வந்து உட்கார்ந்திருந்தன. பூவை எட்டியும் பார்க்காமல் அழுகிய பழச்சாற்றையும் மரத்தில் வடியும் சாற்றையும் தேடிப் போகும் இனங்களும் உண்டு. ஆக, தட்டுக்கு ஒரு புள்ளி போடலாம். தூளுக்குப் பூச்சியம்.

ஆனால் இத்தனைக்கும் நடுவே எங்கள் கிணற்றடியில், வாளித் தண்ணீர் சிந்தி ஊறிய மண்ணில், மஞ்சள் பூச்சிகள் ஏழெட்டு வரிசையாக நின்று எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவை தேடுவது உப்பு. பெரும்பாலும் ஆண்கள்தான் இப்படிக் கூடும். சேர்த்த உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்க, அது முட்டைக்குப் போய்ச் சேரும். சீதனம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எனக்கு ஒரு சதமும் செலவில்லை.

பிறகு கன்றுக் கடையொன்றில் 350 ரூபாய்க்குத் தேசிக்கன்று ஒன்று வாங்கினேன். அதோடு ஒரு மருந்துப் போத்தலையும் என் தலையில் கட்டப் பார்த்தான் அங்கு நின்ற தம்பி. “அன்ரி, புழு வந்தால் இதை அடியுங்கள்” என்றான். நான் கன்று வாங்கியதே புழு வரத்தான் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இப்போது அதில் நான்கு புழுக்கள். சின்னதில் பறவை எச்சம் போலவே இருந்தன, வளர்ந்து பச்சையாகிவிட்டன. தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பொன்றை நீட்டி நாற்றம் விடுகின்றன. பேத்திக்கு நாள் முழுவதும் அதுதான் விளையாட்டு. வேலியோரம் நான் மாதாமாதம் வெட்டித் தள்ளிய எருக்கலையையும் இனித் தொடப் போவதில்லை. கறுப்பு வெள்ளை முனையுள்ள செம்மஞ்சள் பூச்சியின் புழு அந்த இலையைத் தின்றுதான் வளர்கிறது. எருக்கலைப் பாலின் நஞ்சு உடம்பில் தங்குவதால் பறவைகளும் அதைச் சீண்டுவது குறைவு. பூவைப் பிள்ளையாருக்கென்று பக்கத்து வீட்டார் பறிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இலையை விட்டால் போதும்.

தட்டு வாங்கத்தான் வேண்டுமென்றால் தூள் இல்லாமல் வாங்குங்கள். தனியாக 600 ரூபாய்க்கும் விற்கிறார்கள். கம்பியில் கொஞ்சம் கிறீஸ் பூசினால் எறும்பு இறங்காது. பழத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றித் தட்டைக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் ஒரு மாத வெயிலில் வெளுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். கொக்கி மிக உறுதியானது. தட்டை வேலிக் கட்டையில் வைத்துவிட்டு, கொக்கியில் வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டிருக்கிறேன்.